உழைச்செல்வான்: நோயாளர் பராமரிப்பும் யாழ்ப்பாணத்துத் தமிழும்

நோய் புகாத வீடு உலகில் இல்லை. நோய் புகுந்த வீட்டில் வைத்தியர் தங்கும் நேரம் சிறிது. நோயாளியின் அருகே இரவும் பகலும் விழித்திருந்து பேணுபவர் தங்கும் நேரமே பெரிது. ஆயினும் வைத்திய வரலாறு எழுதப் புகுந்தோர் வைத்தியரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் விரித்துரைத்த அளவுக்கு, அருகிருந்து பேணியவரைப் பற்றி உரைத்தாரல்லர்.

அனலைதீவில் என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி தாதியர் பயிற்சிக்குத் தெரிவானாள். விடைபெற வந்த அவள், தான் கற்கப்போகும் தொழிலுக்கு நம்மவரிடையே ஒரு வரலாறு உண்டோ என வினவினாள். சரித்திரம் கற்பிக்கும் யான் உடனே விடை கூற இயலாது நின்றேன். நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரைக் கூறி அவளை அனுப்பிவிடுதல் எளிது. அது நம்மவர் வரலாறு ஆகாது. அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நான்கு உறுப்புக்கள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என்கிறார். நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து செய்பவன் ஒருவன். இந்நான்காமவனையே அவர் உழைச்செல்வான் என்னும் அழகிய சொல்லாற் குறித்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று தொழில் செய்பவன் என்பது பொருள். தாதி என இன்று நாம் வழங்கும் சொல்லிலும் இது பொருள் நிறைந்தது.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் கூறுகிறார். அவற்றுள் அருகிருந்து செய்பவனுக்கு உரியவை நோயாளியிடத்து அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன. வடமொழியிற் சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானமும் பணிவிடை செய்பவனுக்குப் பணிவிடை முறையறிதல், செயல் திறமை, அன்பு, தூய்மை ஆகிய நான்கையே விதிக்கின்றது. இரு மரபுகளும் இங்கு ஒத்துச் செல்லுதல் நோக்கத்தக்கது. அன்பு மட்டும் போதும் என இரண்டும் கூறவில்லை. அறிவையும் உடன்வைத்தே கூறின.

எனினும் நூல் விதித்தது வேறு, உலகில் நடந்தது வேறு. நம் ஊர்களில் நோயாளியைப் பேணியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சி வந்தார். நோய்க்குப் பரியாரி வந்தார். பரியாரியின் நூல் ஏட்டில் இருந்தது. மருத்துவிச்சியின் அனுபவம் கையில் இருந்தது. உழைச்செல்வானுக்கெனத் தனியே எழுந்த நூலோ பள்ளியோ இல்லை. அன்பு நிரம்ப இருந்தது. அறிவைக் கற்பிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. இக்குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவின் நிலையும் இதுவே.

1847 ஆம் ஆண்டு

1847 ஆம் ஆண்டு இரு காரணங்களால் நம் நினைவுக்கு உரியது. முதலாவது வியன்னா நகரில் நிகழ்ந்தது. அங்குள்ள பெரிய வைத்தியசாலையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவரும் மற்றதில் மருத்துவிச்சிகளும் பயின்றனர். மாணவர் பயின்ற விடுதியிலே தாய்மார் காய்ச்சல் கண்டு மிகுதியாக இறந்தனர். இக்னாஸ் செமல்வைஸ் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து, பிணவறையிலிருந்து நேரே வரும் மாணவரின் கைகளே நஞ்சைக் கொண்டுவருகின்றன எனக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். அவ்வாண்டு ஏப்பிரிலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. கிருமிகளைப் பற்றி அக்காலத்தில் எவரும் தெளிவாக அறிந்திலர். ஆயினும் கழுவிய கை உயிரைக் காத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி யாழ்ப்பாணத்துக்கு உரியது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரில் 1822 இற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னர் 1820 அளவிலேயே பண்டத்தரிப்பில் யோன் ஸ்கட்டரும், பின்னர் வட்டுக்கோட்டையில் நேதன் உவாட்டும் அமெரிக்க மிசனைச் சார்ந்து வைத்தியம் செய்தனர். கிறீன் வட்டுக்கோட்டையிலிருந்து மானிப்பாய்க்குச் சென்று, 1848 இல் அங்கு மூன்று மாணவருடன் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். 1850 இல், அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் ஏழைகளுக்கான வைத்தியசாலை ஒன்றும் எழுந்தது. 1907 இல் அரசாங்கம் பொறுப்பேற்ற அவ்வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலம்.

கிறீன் கிறித்துவ சமயப் பணியாளர். மக்களைத் தம் சமயத்துக்கு அழைப்பதையும் அவர் தம் கடமையாகக் கொண்டார். அந்நோக்கத்தில் நாம் அவருடன் உடன்பட வேண்டுவதில்லை. ஆனால் அவர் தமிழுக்குச் செய்த தொண்டை மறைத்தல் சரித்திரம் கற்பார்க்கு முறையன்று.

தமிழில் எழுந்த வைத்தியக் கல்வி

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியவரோ அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றனர். எந்தக் கிராமத்து நோயாளிக்காக அவர் கற்பித்தாரோ, அந்நோயாளி முன்போலவே கைவிடப்பட்டான். இதனைக் கண்ட அவர், தாய்மொழியிற் கற்றவனே ஊரில் நிலைப்பான் எனத் துணிந்து, 1864 இலிருந்து தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் கற்றுத் தேறியோர் தொகை அறுபதுக்கு மேற்பட்டது.

கற்பிக்க நூல் வேண்டும் அன்றோ? மாணாக்கரின் துணையுடன் அவர் ஒன்றன்பின் ஒன்றாக நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857 இலும், இரணவைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் வெளிவந்தன. 1873 இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை; மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழில் நூல், அவர் இறந்த 1884 ஆம் ஆண்டுக்கு முந்திய ஆண்டில் வெளிவந்தது. இந்நூல்கள் எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களைக் கடந்தன. தமிழில் உரிய சொல் உளதேல் அதனைக் கொள்ளல், இல்லையேல் வடமொழியை நாடல், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதல் என்பது அவர் கொண்ட முறை. அறியாத பொருளைப் பற்றிய அறிவு, அறிந்த சொல்லின் வழியே எளிதிற் புகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது, 1850 களில் அவர் முதலாவதாக வெளியிட்ட அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். கல்வின் கற்றர் என்னும் அமெரிக்க வைத்தியர் பாடசாலைகளுக்கென எழுதிய நூலின் தமிழாக்கம் அது. அங்காதிபாதம் உடலின் அமைப்பையும், சுகரணவாதம் உடலின் தொழிலையும், உற்பாலனம் உடலைப் பேணும் சுகாதார முறையையும் கூறுவன. அதன் ஆங்கில மூலத்தின் 1852 ஆம் ஆண்டுப் பதிப்பு, தாதியருக்குரிய வழிகாட்டலைக் கூறும் அதிகாரம் ஒன்றையும் உடையது. வைத்தியனுக்கும் சத்திரவைத்தியனுக்கும் போலவே தாதிக்கும் அறிவும் பயிற்சியும் இன்றியமையாதன என்பது அதன் துணிபு. நீராட்டல், உணவு, தூய காற்று, அறையின் வெப்பம், அமைதி ஆகியவற்றை அது ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. நைற்றிங்கேல் அம்மையார் தாதித்தொழில் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதியது 1859 இல். இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பயிற்சிப் பள்ளி தோன்றியது 1860 இல். அதற்கு முன்னரே, தாதிக்கு அறிவு வேண்டும் என வற்புறுத்திய ஆசிரியர் ஒருவரின் நூல் யாழ்ப்பாணத்தில் தமிழாக்கத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தது என்பது நாம் மறந்துவிட்ட செய்தி.

இக்கல்வி பின்னர் வளராது நின்றது. 1870 இற் கொழும்பில் ஆங்கில மொழியில் வைத்தியக் கல்லூரி தோன்றியது. உத்தியோகமும் மதிப்பும் அதன் வழியே சென்றன. 1898 இல் இணுவிலில், மேரி, மாகரெற் லீச் சகோதரியரின் முயற்சியால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அங்கு நம் பெண்கள் தாதியராகவும் மருத்துவிச்சியராகவும் பயிற்சி பெற்றனர். தொழில் நிலைபெற்றது, ஆனால் அத்தொழிலுக்குரிய நூல்கள் ஆங்கிலத்திலேயே பெருகின. கிறீனின் நூல்கள் நூலகங்களில் உறங்கின.

அவை உறங்கியதற்கு மொழி மட்டும் காரணமன்று என்பதையும் நடுநிலையுடன் கூறல் வேண்டும். இரணவைத்தியம் வெளிவந்த 1867 ஆம் ஆண்டிலேயே யோசப் லிஸ்ரர், கிருமிகொல்லி மருந்தைக் கொண்டு புண்ணைக் காக்கும் முறையை உலகுக்கு வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வுண்டர்லிக் என்னும் சேர்மானியர், காய்ச்சலை வெப்பமானியால் அளந்து குறிக்கும் முறையை நூலாக்கினார். தமிழ்நூல் அச்சேறிய அன்றே பழையதாகத் தொடங்கிவிட்டது. வைத்திய அறிவை ஒருமுறை தமிழாக்கினாற் போதாது. தலைமுறைதோறும் புதுக்குதல் வேண்டும். புதுக்குவார் நம்மிடையே இல்லாமையே பெருங்குறை.

அன்பும் அறிவும்

அறிவில்லாத அன்பு எவ்வளவு செய்யும்? சரித்திரம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. 1854 நவம்பரில் நைற்றிங்கேல் அம்மையார் தம் குழுவினருடன் துருக்கியிலுள்ள ஸ்குற்றாரி வைத்தியசாலையை அடைந்தார். அவர்தம் அன்பில் ஐயமில்லை. ஆயினும் 1855 பெப்ரவரியில் அங்கு மரணம் நூற்றுக்கு 42 வரை உயர்ந்தது. அதன் பின்னர் வந்த சுகாதார ஆணைக்குழு, கட்டிடத்தின் அடியிற் கிடந்த சாக்கடையைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தையும் திருத்தியது. யூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டாயிற்று. விளக்கேந்திய அம்மையார் எனப் போற்றப்படும் அவர், பிற்காலத்திற் கணக்குக்களையும் வரைபடங்களையும் ஏந்தி நின்றதன் காரணம் இதுவே.

வாந்திபேதியின் வரலாறு இதனை மேலும் விளக்கும். 1866, 1867 ஆம் ஆண்டுகளில் அந்நோய் யாழ்ப்பாணத்தைக் கொடிதாகத் தாக்கியது. அக்காலத்து மேனாட்டு வைத்தியமும் கலோமெல், அபின் முதலியவற்றையே பெரிதும் நம்பியிருந்தது. தாகத்தால் தவித்தவனுக்குத் தண்ணீர் மறுப்பதும் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. மறுத்தவர் பகைவரல்லர், பெற்ற தாயே மறுத்தாள். நூறாண்டு கழித்து, 1971 இல், வங்காளதேச அகதிகள் தங்கிய பொன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் அப்பச்சோடாவும் அளவாகக் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவாக இருந்த மரணம் நான்குக்குக் கீழ் இறங்கியது. அன்னையின் அன்பு அன்றும் இன்றும் ஒன்றே. அவளுக்கு அளவு சொல்லிக் கொடுக்கப்பட்டமையே வேறுபாடு.

இன்று நம் தீபகற்பத்தையும் தீவுகளையும் வருத்தும் டெங்குக் காய்ச்சலும் இத்தகையதே. மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் காய்ச்சல் தணியும். வீட்டார் மகிழ்ந்து பிள்ளைக்குத் திருநீறு பூசிப் படுக்கவிடுவர். அறிந்த தாதியோ அந்நேரத்தில்தான் விழித்துக்கொள்வாள். காய்ச்சல் தணியும் அவ்வேளையிலேயே குருதி நாளங்களினின்று நீர் கசியத் தொடங்கலாம்; அபாயம் ஒருநாள் அல்லது இருநாள் நிற்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசினின்று குருதி கசிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவை அதன் குறிகள். குருதியழுத்தத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 20 அளவுக்குச் சுருங்குதல் கொடிய குறி. இவற்றை அறியாத அன்பு, ஆபத்தை நலமெனக் கருதி உறங்கிவிடும்.

கடல் நடுவே ஓர் ஊர்

இவ்வறிவின் பெறுமதியை அனலைதீவில் வாழ்வோர் நன்குணர்வர். ஒல்லாந்தர் ரொட்டர்டாம் எனப் பெயரிட்ட எமது தீவு ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர் பரப்புடையது. எமக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் உண்டு, பாலம் இல்லை. ஊரில் வைத்தியசாலை உண்டாயினும், கடும் நோயாளியைப் படகிலேற்றி அக்கரை சேர்த்து, அங்கிருந்து தரைவழியாக யாழ்ப்பாணம் கொண்டுசெல்லுதல் வேண்டும். சோளகக் காலத்திலும் மாரி வாடையிலும் கடல் எம் விருப்பப்படி நடப்பதில்லை. நகரத்திற் பிழையாக மதிப்பிட்டால் ஒரு மணி நேரத்திற் திருத்தலாம். இங்கு மாலையில் தவறவிட்ட குறியை விடியும்வரை திருத்த இயலாது போகலாம். படகை எப்பொழுது அழைப்பது என்பதைப் பெரும்பாலும் முதலிற் காண்பவர் நோயாளியின் பக்கத்தில் நிற்பவரே.

அவர் எதனைக் கொண்டு துணிவார்? எண்ணைக் கொண்டே. ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சுவிடுவர். நாடி அறுபது முதல் நூறு வரை துடிக்கும். இருமலுற்ற குழந்தை, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குட்பட்டதாயின் நிமிடத்துக்கு ஐம்பதும், ஒன்று முதல் ஐந்து வயது வரை நாற்பதும் மூச்சு எட்டினால், நுரையீரல் அழற்சியென ஐயுறுதல் வேண்டும். இதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும். ஆனால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணல் வேண்டும். ஓரெண்ணினும், மணிதோறும் குறித்த எண்வரிசை பெரிது. நாடி 84, பின்னர் 96, பின்னர் 112 என ஏறிவருவதைக் காண்பவர், நோயாளி வீழ்வதற்கு முன்னரே படகை அழைப்பார்.

சொல்லியவற்றை அவ்வாறே செய்தல் எனப் பரிமேலழகர் கூறியதும் இங்கு நினைத்தற்குரியது. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என ஐந்தாக இதனை இக்காலத் தாதியர் கற்கின்றனர். தீவுகளில் ஒரே பெயருடையோர் பலர். யான் சிறுவனாயிருந்தபோது ஒரு வைத்தியசாலையில் என் பாட்டியாரின் கையில் வேறொருவரின் குளிசை கொடுக்கப்பட்டது. அடுத்த கட்டிலிற் கிடந்தவருக்கும் அதே பெயர். குளிசையின் நிறம் மாறியிருப்பதைப் பாட்டியாரே கண்டு வினவியதால் தீங்கு நேரவில்லை. கொடுத்தவர் அன்பில்லாதவர் அல்லர். பெயரை மட்டும் கேட்டார், தந்தை பெயரையும் வயதையும் கேட்டிலர். கணிதம் கற்பிப்போர்க்கு வேறொன்று விளங்கும். அரை மில்லிகிராமை 0.5 என எழுதாது, பூச்சியத்தை விட்டு .5 என எழுதினால், மங்கலான தாளில் அது ஐந்தாகிவிடும். ஒரு புள்ளி குழந்தைக்குப் பத்துமடங்கு மருந்தைக் கொடுத்துவிடும்.

நோயாளியுடன் படகிற் செல்லும் துண்டுத்தாளும் அற்பமானதன்று. பெயர், வயது, நோய் தொடங்கிய நேரம், கண்ட குறிகள், குறித்த எண்கள், கொடுத்த மருந்தும் நேரமும், ஒவ்வாத மருந்து உண்டாயின் அதுவும் அத்தாளில் இருத்தல் வேண்டும். அலை தெறிக்கும் படகில் மை கரையாதிருக்கப் பொலித்தீன் பையில் இடுதல் வேண்டும். நோயாளி பேசமுடியாத நிலையில் அக்கரை சேரும்போது அவனுக்காகப் பேசுவது அத்தாளே.

முடிவுரை

என் மாணவிக்கு இப்பொழுது விடை கூறலாம். உன் தொழிலுக்கு நம் மொழியில் வரலாறு உண்டு. வள்ளுவர் அதற்குப் பெயர் கொடுத்தார். உரையாசிரியர் இலக்கணம் வகுத்தார். மானிப்பாயில் அந்நியர் ஒருவர் நம்மவர் துணையுடன் அதற்கு வேண்டிய அறிவைத் தமிழிற் கொணர்ந்தார். பின் வந்த நாம் அதனைத் தொடராது விட்டோம்.

ஆங்கிலம் கற்காதே என்பது இதன் கருத்தன்று. புதிய அறிவு யாவும் அம்மொழியிலேயே விரைந்து வருகின்றது. அதனை நன்கு கற்றல் வேண்டும். ஆனால் கற்றதை, நள்ளிரவிற் பிள்ளையின் அருகே விழித்திருக்கும் தாய்க்குத் தமிழிற் சொல்ல இயலாவிடின், அவ்வறிவு வைத்தியசாலையின் வாயிலோடு நின்றுவிடும். கல்லூரிகளிலிருந்து வைத்தியத்துறைக்கும் தாதித்துறைக்கும் செல்லும் பழைய மாணவர் பலர். அவர்கள் ஒவ்வொருவரும் தாம் கற்றவற்றுள், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் அறியவேண்டிய ஒரு பகுதியைத் தெளிந்த தமிழில் எழுதி ஆண்டுதோறும் புதுக்கி வருவாராயின், கிறீன் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்கியவராவோம்.

பயிற்சிக்குச் சென்ற அப்பெண் ஒருநாள் எம் தீவுக்கே தாதியாக வரலாம், வராமலும் போகலாம். வந்தால், வாடை வீசும் ஓரிரவில் நோயாளியின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிவிட்டு, படகைக் கொண்டுவரச் சொல்வாள். ஏன் என வினவும் வீட்டாருக்கு, அதன் காரணத்தையும் அவள் அவர்கள் மொழியிலேயே விளக்குவாளாக.